பெர்லின் ஸ்டாப்

"பெர்லின்லாம் எறங்கு!" என்று ஷேர் ஆட்டோக்காரர் கத்தினார். ஆவடியில் நான் வளர்ந்த குவார்ட்டர்ஸின் காம்பவுண்டு சுவர் கண்முன் எழுந்தது.

தம்பி பிறந்த சமயம். அம்மாவுக்கு எழுந்து நடமாட முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அஞ்சலை அக்கா வந்துதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டார். மெயின் கேட்டைச் சுற்றி வருவதற்குள் அவருக்குக் கால் வீங்கிவிடும். ஒரு சாயங்காலம், பிள்ளைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தவர், டிவி செய்தியில் பெர்லின் சுவரை ஜனங்கள் உடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"அம்மாம்பெரிய செவுத்தையே இட்ச்சிட்டானுங்கோ. உங்க செவுரு மட்டும் இன்னா சார், சாமி கட்னதா?"

ஃபேக்டரி வெல்டரான அப்பா மறுநாள் காலையில் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"மெமோ குடுத்துருவாங்க!" என்று அம்மா அலறினாள்.

"குடுக்கட்டும்."

அக்கா ஒருக்களித்து நுழையும் அளவுக்குச் சுவரில் வழி பிறந்தது. காலனியே அதற்குப் பெர்லின் என்று பேர் வைத்தது. மெமோவும் வந்தது, ஆனால் வழியை யாரும் அடைக்கவில்லை.

இப்போது அங்கே சுவரே கிடையாது. இறங்கும்போது ஆட்டோக்காரரிடம் கேட்டேன், "இதுக்கு ஏம்ப்பா பெர்லின்னு பேரு?"

"தெர்லக்கா. எவனாச்சும் வெள்ளக்காரன் கட்டியிருப்பான்."

"கட்டலப்பா, இடிச்சது," என்றேன். "இடிச்சது எங்கப்பா. இடிக்க வச்சது எங்க அஞ்சலை அக்கா."