வெள்ளைச் செவ்வந்தி

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. கண்டியில் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு செமஸ்டர் சீன மொழி படிக்கத் தென்சீனாவில் ஒரு நகரத்துக்குப் போயிருந்தேன். மொழி சீக்கிரம் வாயில் வரட்டும் என்று எங்களை உள்ளூர் மாணவிகளோடு ஒரே அறையில் தங்கவைத்தார்கள். என் அறைத்தோழிக்கு என் வயதுதான். நான் ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொன்னால் கட்டிலில் உருண்டு சிரிப்பாள், அப்புறம் பொறுமையாகத் திருத்துவாள். மூன்றே மாதத்தில் சந்தையில் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி எல்லாம் தெரியும் என்கிற நினைப்பும் கூடவே வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அவளுடைய அப்பாவுக்கு இதய ஆபரேஷன் என்று முடிவானது. ஊர் தூரம். ஆபரேஷன் அன்று இவளுக்குக் கடைசிப் பரீட்சை. எழுதிவிட்டு வந்தால் போதும் என்று அவள் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். அன்று காலை அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. பரீட்சை மண்டபத்துக்குள் ஃபோன் கூடாது என்பதால் அம்மாவிடம் என் நம்பரைக் கொடுத்திருப்பதாகவும், ஏதாவது என்றால் எனக்குத்தான் அழைப்பு வரும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு அறையில் சும்மா உட்கார முடியவில்லை. பன்வில தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் என் அம்மாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். சாமி கும்பிடலாம் என்றால் இங்கே ஊதுபத்தி குத்த ஒரு வாழைப்பழம்கூட இல்லையே என்றும் சொன்னேன்.

"பழம் இல்லாட்டி என்னா? ஒரு கிண்ணத்துல அரிசியப் போட்டு அதுல குத்தி வை. நல்ல வெள்ளப் பூவா வாங்கிக்க பாப்பா. கெழக்கப் பாத்து வச்சி, அந்தப் புள்ளையோட அப்பாவுக்காக மனசாரக் கும்புடு" என்றார் அம்மா.

வளாக வாசலில் ஒரு பூக்கடை இருந்தது. வெள்ளைச் செவ்வந்தி அள்ளி வைத்திருந்தார்கள். எங்கள் கோயிலில் வைக்கிற அதே பூ. பார்த்ததும் ஊருக்கே போய்விட்டதுபோல் இருந்தது. கடைக்காரப் பெண் என் முகத்தையே பார்த்தார். கட்டிக் கொடுத்துவிட்டு, என் கையை மெல்லத் தட்டினார். எவ்வளவு அன்பான மனுஷி என்று நினைத்துக்கொண்டே ஓடி வந்தேன்.

அறையில் கிழக்கு ஜன்னல் பக்கம் இருந்தது அவளுடைய மேசை. அவள் அப்பாவுக்காகத்தானே, அவள் சாப்பிடும் கிண்ணத்திலேயே வைப்போம் என்று அதைக் கழுவி, அரிசியை நிரப்பினேன். அம்மா கொடுத்துவிட்ட ஊதுபத்தியில் மூன்றை எடுத்துக் குத்தினேன். சின்ன முருகன் படத்தைச் சுவரோரம் சாய்த்து, முன்னால் பூவை வைத்தேன். ஜன்னலை அகலத் திறந்துவிட்டுப் பத்தியைக் கொளுத்தினேன். அழகாக இருந்தது. அவள் வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கதவைத் திறந்தாள். மேசையைப் பார்த்தாள். அப்படியே நின்றாள்.

எப்போது என்று கேட்டாள்.

எனக்குப் பெருமை. காலையிலேயே, நீ போன கொஞ்ச நேரத்தில் என்று பளிச்சென்று பதில் சொன்னேன்.

அவள் கதவைப் பிடித்தபடியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்த சீனம் முழுக்கப் பறந்துபோய், தமிழிலேயே என்னா ஆச்சு, என்னா ஆச்சு என்று அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த பக்கத்து அறைப் பெண்ணும் மேசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். குரலைத் தாழ்த்தி, யார் செத்தது என்று என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே வெள்ளைச் செவ்வந்தி சாவு வீட்டுப் பூ. அரிசிக் கிண்ணத்தில் பத்தி குத்தி வைப்பது செத்தவருக்கு. பூ மறைத்ததில் முருகன் அவள் கண்ணில் படவே இல்லை. தன் அம்மா எனக்கு அழைத்துச் செய்தி சொன்னதாகவும், வாயால் சொல்ல முடியாமல் அவர்கள் முறைப்படி நான் அதைத் தெரிவித்ததாகவும் அவள் எடுத்துக்கொண்டாள்.

யாரும் சாகவில்லை என்று கத்தினேன். படத்தை எடுத்துக் காட்டினேன். அவள் நம்பவில்லை. தன் அம்மாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மனிதருக்கு நெஞ்சைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தில், இங்கே நான் அவருக்குச் சாவு வீடு நடத்தியிருக்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பூவையும் அரிசியையும் அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். குப்பையில் போடவும் கை வரவில்லை. படிக்கட்டில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் சாய்ந்த பிறகு அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பா கண் விழித்துவிட்டார் என்றாள். இரண்டு பேரும் அந்தப் பூவின் மேலேயே அழுதோம்.

சில நாள் கழித்து அவள் அப்பா வீடியோவில் என்னைப் பார்க்க வேண்டும் என்றார். பயந்துகொண்டே போய் நின்றேன். "எனக்கு முதல் பூ வைத்தவள் நீதானா? சாவு வந்து பார்த்துவிட்டு, ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று திரும்பிப் போயிருக்கும்" என்று தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார்.

போன வருடம் அவள் கண்டிக்கு வந்தாள். அவளைப் பார்க்க அம்மாவும் பன்விலவிலிருந்து இறங்கி வந்திருந்தார். மூன்று பேருமாகப் புத்தரின் பல் வைத்திருக்கும் தலதா மாளிகைப் பக்கம் போனோம். அன்று பௌர்ணமி, பௌத்தர்கள் பூவோடு கும்பிட வரும் போயா நாள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வாவியோரம் முழுக்க வெள்ளை உடுப்பு, எல்லோர் கையிலும் வெள்ளைப் பூ. அவள் கால் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து பார்க்கிற கூட்டத்தை நானும் அன்று அவள் கண்ணால் பார்த்தேன். ஒரு நகரமே துக்கத்துக்குப் போவதுபோல் இருந்தது.

அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான் சொன்னதே இல்லை. ஒரு தட்டுப் பூவை வாங்கி அவளிடம் நீட்டி, "இந்தாம்மா, ஒங்க அப்பா நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு வை" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். இத்தனை பேரும் உயிரோடு இருக்கிறவர்களுக்காகவா கொண்டுபோகிறார்கள் என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எனக்கு முன்னால் கூட்டத்துக்குள் நடந்தாள்.

அந்தப் பூக்கடைப் பெண் அன்று ஆறுதலாக என் கையைத் தட்டியது இன்னும் மறக்கவில்லை. இப்போதெல்லாம் யாருக்காகப் பூ வாங்கினாலும், காசை நீட்டுவதற்கு முன் கடைக்காரர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன்.