சாரல் காலத்துச் சாணி ஈக்கள்

குற்றாலத்தில் சீசன் என்றால் ஊரே குஷியாகிவிடும். ஐம்பதுகளின் கடைசியில் தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எனக்கு மட்டும் அந்தச் சாரலைக் கண்டாலே எரிச்சல். காரணம், ஈ.

கரிசல்காட்டில் என் பிறந்த ஊரான திருவேங்கடத்திலிருந்து என்னோடு சீதனமாக ஒரு பசுவும் வந்திருந்தது. அங்கே கறக்க உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மாடு, இங்கே சாரல் தொடங்கியதும் உதைக்க ஆரம்பித்தது. ஒரு நாள் பால்செம்பு தொழுவத்தின் அடுத்த மூலையில் போய் விழுந்தது. என் மாமியார் மாட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, முதுகில் ஒரு சுழியைக் கண்டுபிடித்தார்.

"சுழி சரியில்ல. தரகர் அண்ணாச்சிக்குச் சொல்லி அனுப்புதேன், சந்தைக்குப் போவட்டும்."

புகுந்த வீட்டில் நான் மனம்விட்டுப் பேசியது அந்த மாட்டோடுதான்.

மாடு ஏன் உதைக்கிறது என்று தொழுவத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மாட்டின் தோளிலும் வயிற்றிலும் சிறு ஈக்கள் தலைகீழாக ஒட்டிக்கொண்டு இரத்தம் குடித்தன. மாடு சாணி போட்டதும் சில கீழே பறந்து, சூடு ஆறுமுன் அதில் முட்டையிட்டுவிட்டு, பந்தியில் விட்ட இடத்தைப் பிடிக்க ஓடுகிறவர்களைப் போல மறுபடி மேலே ஏறிக்கொண்டன. எங்கள் ஊர் வெயிலில் சாணி சீக்கிரம் காய்ந்துவிடும். முட்டையின் கதையும் அத்தோடு முடியும். இங்கே வரட்டி தட்டினாலும் காயாது என்று மூலையில் குவித்திருந்தோம். கிளறினால் வெள்ளைப் புழுக்கள், ஓரத்தில் சிவந்த சிறு கூடுகள். ஈக்களுக்கு நாங்களே பிரசவ அறை கட்டிக் கொடுத்திருந்தோம்.

சொன்னால் மாமியார் சிரித்தார். "ஏட்டி, ஈ என்ன சாணிக்குள்ள இருந்தா மொளைக்கும்?"

ஈ உட்கார்ந்த சாணியைக் கொஞ்சம் சட்டியில் எடுத்து, அதன் வாயில் என் வீட்டுக்காரரின் பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்தேன். சில நாள் கழித்து உள்ளே ரீங்காரம் கேட்டது. மாமியார் சந்தேகத்தோடு முடிச்சை அவிழ்த்தார். ஈக்கள் குப்பென்று அவர் முகத்திலேயே கிளம்பின. "சவத்து மூதி!" என்றார். ஈயைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து அவரே சாணியை விழுந்த சூட்டோடு அள்ளி, உமி கலந்து, வெந்நீர் அடுப்புச் சுவரில் மெல்லிசாகத் தட்டினார். குளிக்கப் போனால் சாணி வாசம் என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். நாளாக நாளாக ஈ குறைந்தது, உதையும் நின்றது.

வினை அப்போதுதான் வந்தது. முன்பே சொல்லி அனுப்பியிருந்த தரகர் வந்த அன்று மாடு பரம சாதுவாக நின்றது. மடியைத் தடவிப் பார்த்தவர், "நல்ல மாடுல்லா! கேக்குற வெலையத் தாரேன்" என்று கயிற்றைப் பிடித்தார். உதைக்கிற மாடாகவே இருந்திருந்தால் தொடாமல் போயிருப்பார். நானே குணப்படுத்தி நானே விலைபோக வைத்துவிட்டேனே என்று எனக்கு அழுகை முட்டியது.

மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு தரகர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"மாடு விக்கதுக்கு இல்ல அண்ணாச்சி. பால் வேணும்னா காலையில தூக்குவாளியோட வாங்க."