எஞ்சின் எப்போ வரும்?

சாலையில் ஓடுகிற வண்டிகளில் பாதி தன்னுடையது என்பது லோகநாயகியின் நினைப்பு. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எஞ்சின் வால்வு செய்கிற கம்பெனியில் பதினெட்டு வயதில் சேர்ந்தவள், மகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகும் அதே லைனில்தான் நிற்கிறாள். வால்வு பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. காளான் மாதிரி தலை, நீளமாக ஒரு காம்பு, அவ்வளவுதான். எஞ்சினுக்குள் காற்றை விடுவதும் புகையை வெளியே தள்ளுவதும் அதன் வேலை. அந்தக் காம்பில் கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கருவியில் வைத்துப் பார்த்து அனுப்புவது இவள் வேலை. பாடி சிக்னலில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு கார் உறுமினால் போதும், "நம்ம வால்வு" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லிவிடுவாள். அந்தக் காருக்கும் இவள் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் இருக்கலாம். அதைப் பற்றியெல்லாம் அவள் அலட்டிக்கொள்வதில்லை.

அப்படிப்பட்டவளின் வீட்டுக்கே போன வருஷம் வால்வு இல்லாத வண்டி வந்து சேர்ந்தது. புருஷன் தினகரன் பழைய ஆட்டோவைத் தள்ளிவிட்டு பேட்டரி ஆட்டோ எடுத்துக்கொண்டு அயனம்பாக்கத்து வீட்டு வாசலில் வந்து இறங்கினான். லோகநாயகி கற்பூரம் காட்டிச் சுற்றிப்போட்டாள். பிறகு சீட்டைத் தூக்கி, கீழே குனிந்து, பின்னால் போய், எல்லா இடத்திலும் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாயா, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"அதான் லோகு விசேஷமே! சத்தம் கெடையாது, பொகை கெடையாது. இனிமே எல்லாம் பேட்டரிதான். ஒன் வால்வை செவுத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சுக்க வேண்டியதுதான்."

அவன் விளையாட்டாகச் சொன்னான். அவளுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. கம்பெனியில் அப்போதே இரண்டு மிஷின்களுக்குத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். கேன்டீனில் சாப்பாட்டை விட்டுவிட்டு இதே பேச்சுதான். வரப்போகிற கார்களில் எஞ்சின் இருக்குமா, இருக்காதா?

இந்த வருஷம் பதில் வேறு மாதிரி வந்தது. எஞ்சின், பேட்டரி இரண்டும் இருக்குமாம். ஹைபிரிட் என்ற பெயரை லைனில் எல்லோரும் மந்திரம் மாதிரி சொல்ல ஆரம்பித்தார்கள். மெதுவாகப் போனால் பேட்டரி, தேவைப்பட்டால் எஞ்சின். அப்படி நின்று நின்று ஓடும் எஞ்சினுக்குத் தனி மெருகு போட்ட வால்வு வேண்டும் என்று ஒரு பெரிய கார் கம்பெனி ஆர்டர் கொடுத்தது. முதல் லாட்டைச் சோதித்த நாலு பேரில் லோகநாயகியும் ஒருத்தி.

சனிக்கிழமை சூப்பர்வைசர் பாண்டியன் அவளைக் கூப்பிட்டார். "பழைய லைனை மூடப் போறாங்கம்மா. ஹைபிரிட் லைனுக்கு வரியா, செட்டில்மெண்ட் பணம் வாங்கிக்கினு ஊட்டுக்குப் போறியா? புது லைன்னா மறுபடியும் ட்ரெய்னிங், மறுபடியும் ஷிப்ட். திங்கக்கெழமை சொல்லு."

வீட்டில் தினகரனுக்கு யோசிக்கவே ஒன்றும் இல்லை. "வேலைய உட்டுட்டு வந்துடு லோகு. நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்குது. ராத்திரி நீ தைலம் தேய்க்கிறத நான் பாத்துகினுதானே கீறேன்? அதுவும் எதுக்கு? நாலு வருஷத்துல அந்த எஞ்சினும் போயிடும்."

அவன் சொன்னதில் பாதி அக்கறை, பாதி பேட்டரி ஆட்டோக்காரனின் திமிர். எது எங்கே முடிகிறது என்று அவளால் பிரிக்க முடியவில்லை. கால் வலிப்பது நிஜம். ஆனால் போகப்போகிற ஒரு எஞ்சினுக்காகவா இவ்வளவு காலம் நின்றோம் என்ற நினைப்புதான் அதைவிட வலித்தது.

"நம்ம வால்வு போட்ட அந்தக் காரு வானகரம் ஷோரூமுக்கு வந்துடுச்சாம். நாளைக்குப் போய்ப் பாக்கலாம். எஞ்சின் ஓடுறத என் காதால கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுவேன்" என்றாள்.

"கார் வாங்குற மூஞ்சியா நம்மளுது? உள்ளயே உட மாட்டான்."

விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டு லோகநாயகி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். நடுவில் முத்து வெள்ளையில் அந்தக் கார் நின்றது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விற்பனைக்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். சட்டையில் சபீனா என்று பெயர் குத்தியிருந்தது.

"மேடம், சன்ரூஃப் பாக்குறீங்களா? ஃபேமிலிக்கு எத்தனை பேரு?"

"வாங்க வரலம்மா. பொய் சொல்ல மாட்டேன். இதுக்குள்ள என் வால்வு கீது. அம்பத்தூர்ல நாங்கதான் பண்றோம். எஞ்சின் ஓடுறத ஒரு தபா கேட்டுட்டுப் போயிடறேன்."

தினகரன் கூச்சத்தில் தரையைப் பார்த்தான். சபீனாவுக்கோ வாயெல்லாம் பல். "அக்கா! நான் பக்கத்துல பூந்தமல்லிதான். இங்க சேந்ததுலேர்ந்து மைலேஜ் கேப்பாங்க, கலர் கேப்பாங்க. எஞ்சின் சத்தத்தைக் கேக்கணும்னு வந்தவங்க நீங்க ஒருத்தர்தான். இருங்க, டெஸ்ட் டிரைவே போயிடலாம். அண்ணாவுக்கு லைசென்ஸ் இருக்கா?"

இருந்தது. முன்னாளில் கால் டாக்ஸி ஓட்டியவன் அவன். தினகரன் ஸ்டியரிங்கில், பக்கத்தில் லோகநாயகி, பின்னால் சபீனா. பட்டனை அழுத்தினான். திரையில் விளக்குகள் வந்தன. சத்தம் ஒன்றும் வரவில்லை.

"ஸ்டார்ட் ஆவல?" என்றாள் லோகநாயகி.

"ஆயிடுச்சுக்கா. பேட்டரியில இருக்கு. திரையைப் பாருங்க. எஞ்சின் வந்ததும் அந்தப் படம் எரியும்."

வண்டி சர்வீஸ் ரோட்டில் வழுக்கிக்கொண்டு இறங்கியது. லோகநாயகி காதைத் தீட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள். பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு அம்புக்குறி ஓடியது. எஞ்சின் படம் கறுப்பாகவே கிடந்தது. மீன் மார்க்கெட் நெரிசலில் வண்டி ஊர்ந்தது. கறுப்பு. சிக்னலில் நின்று கிளம்பியது. கறுப்பு. ஏசியைக் கூட்டிப் பார்த்தாள். கறுப்பேதான்.

"சார்ஜ் எப்போ போடணும்?" என்று தினகரன் கேட்டான்.

"போடவே வேணாண்ணா. பிரேக் பிடிக்கும்போதும் எஞ்சின் ஓடும்போதும் அதுவே ஏத்திக்கும்."

தினகரனின் புருவம் ஏறியது. சார்ஜ் போடுகிற இடத்தில் தினமும் தவம் கிடக்கிறவன் அவன். ஆனாலும் பிடி கொடுக்காமல் முட்டையை மிதிப்பவன்போலப் பாதத்தை வைத்து வண்டியை நகர்த்தினான். வேண்டுமென்றேதான். சார்ஜைச் சேமிக்க வண்டியை எவ்வளவு மெதுவாக நகர்த்த வேண்டும் என்று ஒரு வருஷமாகப் பேட்டரி ஆட்டோவில் பழகியவன், எஞ்சினைத் தூங்கவிட்டே ஓட்டினான்.

"சூப்பர்ணா! இவ்ளோ தூரம் எஞ்சினே வராம யாரும் ஓட்டினதில்ல. பெட்ரோலே செலவாவல!" என்று சபீனா கை தட்டினாள். பாவம், அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள்.

லோகநாயகியின் முகம் சுண்டிவிட்டது. எஞ்சின் வராமல் இருந்தால் பாராட்டுகிறார்கள். அப்படியென்றால் அதை எதற்கு உள்ளே வைத்திருக்கிறார்கள்? தினகரன் சொன்னதுதான் சரியோ? வலது கையை டேஷ்போர்டின் மேல் வைத்து, வால்வைத் தடவுகிற அதே விரல்களால் மெல்லத் தடவிக்கொண்டிருந்தாள்.

பைபாஸ் ஏறுகிற சரிவு வந்தது. தினகரன் திரும்பி அவளைப் பார்த்தான். அந்த விரல்களைப் பார்த்தான். சரிவிலும் ஓரமாக ஊர்ந்தே ஏறிவிட முடியும் என்று அவனுக்குத் தெரியும். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் பெருமூச்சு விட்டான்.

"புடிச்சுக்கோ லோகு."

மிதித்தான்.

உறுமல் என்று சொல்ல முடியாது. காலடியில் மெல்லிய ஓர் அதிர்வு, பிறகு சீராக எழுந்த ஒரு ரீங்காரம். திரையில் எஞ்சின் படம் பளிச்சென்று எரிந்தது. கார் ஏற்றத்தில் பாய்ந்தது.

"வந்துச்சு! யோவ், வந்துச்சுயா!" லோகநாயகி சீட்டிலிருந்து எழும்பினாள், பெல்ட் பிடித்து இழுத்தது. "இன்னும் மிதி! கீறல் இல்ல பாரு, எவ்ளோ மெருகா ஓடுது பாரு! இந்த வால்வுல கால்வாசி என் கை பட்டதுய்யா!" கண்ணில் தண்ணீர் முட்டியது. சபீனா பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே கத்தினாள். எதற்கென்று முழுசாகத் தெரியாமலே கத்தினாள்.

மேலே போய் வேகம் சீரானதும், அடுத்த இறக்கத்தில் வண்டி இறங்கியது. எஞ்சின் சத்தம் அடங்கிப் படம் கறுத்தது. லோகநாயகி பதறினாள்.

"நின்னு போச்சே!"

"நிக்கலக்கா. இறக்கத்துல வேணாம்னு ஓய்வு எடுக்குது. ஏத்தம் வந்தா தானா வந்துடும்."

லோகநாயகி அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். ஏற்றத்துக்கு எஞ்சின்தான் வேண்டியிருக்கிறது. அவளுக்கு அது போதும்.

"நாளைக்கு பாண்டியன் சாராண்ட புது லைன்னு சொல்லிடுவேன்."

"காலு வலிக்கும்."

"வலிக்கும். தைலம் கீது."

மறுபடி கீழே வந்து சேர்ந்தபோது ஷோரூம் இடது பக்கம் தெரிந்தது. சபீனா, "அண்ணா, இங்க லெஃப்ட்" என்றாள். தினகரன் இண்டிகேட்டரை வலது பக்கம் போட்டான். காரை மறுபடி அந்த பைபாஸ் ஏற்றத்துக்கே திருப்பினான், இந்தத் தடவை அடியிலிருந்தே மிதித்துக்கொண்டு.