கிட்டாருக்குக் கவ்வாத்து

என் மச்சினனுக்குப் பெண் கொடுப்பதா வேண்டாமா என்பது, கடைசியில் அவன் கிட்டார் காதில் விழுகிறதா இல்லையா என்பதில் வந்து நின்றது.

பெண்ணுக்கு ஊர் மஸ்கெலியா. அவளுடைய அப்பா அங்கே மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர். "வேலை இருக்கு, குடிக்கிறதில்ல, எல்லாம் சரிதான். கிட்டார் வாசிக்கிறாருன்னு சொல்றாங்களே, அதக் கேட்டுட்டுப் பேசுவோம்" என்று சொல்லியனுப்பிவிட்டார். குடிக்கிறதில்லை என்பதை விசாரிக்காமலே நம்பிய மனிதர், கிட்டாரை மட்டும் நம்பவில்லை.

நல்லவேளையாக ஒரு பாட்டு கைவசம் இருந்தது. டிக்கோயாவில் எங்கள் பாடகர் குழுவுக்காக நானும் மச்சினனும் ஆளுக்கொரு கிட்டார் வாசித்துப் பதிவு செய்தது. எல்லாவற்றையும் கலந்து ஒரு பாட்டாக்குவது என் பொறுப்பு. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். ஆனால் வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்ததால் குழுவில் என்னைச் சவுண்ட் என்ஜினியர் என்றார்கள், நானும் மறுக்கவில்லை.

முதல் கலவையை மச்சினன் ஆசையாக அந்தப் பெண்ணுக்கு அனுப்பினான். அவள் அப்பாவின் குழுவில் கீபோர்ட் வாசிக்கிறவள். "பாட்டு நல்லாருக்குங்க. ரெண்டு கிட்டார்ல உங்களோடது எது?" என்று கேட்டிருந்தாள்.

அவனுக்கு முகம் செத்துவிட்டது. "என்னோட கிட்டார் எங்கங்க அத்தான்?" என்று என்னிடம் வந்து நின்றான். நியாயமான கேள்விதான். இரண்டு பேரும் ஒரே மெட்டை ஒரே ஸ்தாயியில் வாசித்திருந்தோம். கேட்டால் குழைந்துபோன சோறு மாதிரி இருந்தது.

மடிக்கணினியில் ஈக்குவலைசரைத் திறந்து அவன் கிட்டாரின் ட்ரெபிளை, அதாவது கூர்மையான மேல்சத்தத்தை, ஏற்றினேன். போதவில்லை. இன்னும் ஏற்றினேன். அப்போதும் மந்தமாகவே இருந்தது. கடைசியில் ஒருவழியாகக் கம்பி கம்பியாகக் கேட்டதும் இருவரும் கைகொடுத்துக்கொண்டோம். மறுநாள் வெயில் வந்தது. அதே பாட்டைப் போட்டேன். சமையலறையிலிருந்த என் மனைவி காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"தகரத்துல ஆணியால கீறுற மாதிரி இருக்கு. என் தம்பி என்ன பாவம் செஞ்சான்?"

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குத் தகரக் கூரை. முதல்நாள் முழுக்க அதன்மேல் மழை கொட்டியிருந்தது. மழையின் இரைச்சல் ட்ரெபிளைத் தின்னத் தின்ன, நான் விடாமல் பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறேன். மழைக்காலம் முழுவதும் மழைச்சத்தத்தை மறந்தே வாழ்கிறவர்கள் நாங்கள். அது பெய்ததையே காது கணக்கில் எடுக்கவில்லை.

அதன்பிறகு ஒரு காணொளியில், தெளிவு வேண்டுமானால் ஏற்றாதே, வெட்டு என்றார்கள். அதைச் சொன்னதும் மச்சினன் துள்ளிவிட்டான். "கவ்வாத்துன்னு சொல்லுங்க!"

தேயிலைச் செடியைப் பாதிக்கு வெட்டிக் குச்சியாக நிறுத்துவதுதான் கவ்வாத்து. அதற்கப்புறம்தான் கொழுந்து வரும். எங்களுக்குப் புரியாத விஷயம் அதில் ஒன்றுமில்லை. இரண்டு கிட்டாரிலும் அடித்தொண்டை மாதிரி உறுமிய பகுதியை, இருநூற்றைம்பது ஹெர்ட்ஸ் பக்கமாக, வெட்டினோம். சத்தத்தில் கலங்கியிருந்த சேறு இறங்கியது. அடுத்து, அவன் கிட்டார் பளிச்சென்று நிற்கவேண்டிய இடத்தில் என்னுடையதைக் குறைத்தேன்.

"இன்னும் கொஞ்சம் அத்தான்" என்றான்.

குறைத்தேன்.

"இன்னும் ஒரு சொட்டு."

அவன் கேட்பது கல்யாணத்துக்காக, நான் எப்படி மறுப்பது? ஆனாலும் என் கிட்டார் கண்ணெதிரே குச்சியாவதைப் பார்க்க வயிறெரிந்தது. முடிவில் அவனுடையது மணிமணியாகக் கேட்டது. என்னுடையது பக்கத்து வீட்டில் யாரோ உளுந்து புடைப்பது போல் கேட்டது. அன்றைக்கு மழை இல்லை என்று வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் அனுப்பினோம்.

அவள் குரல் பதிவாகப் பதில் போட்டாள். மச்சினன் எனக்கும் போட்டுக் காட்டினான்.

"இப்ப தெளிவாத்தான் கேக்குது. அதான் பயமா இருக்கு. ரெண்டாவது சரணத்துல நீங்க கை மாத்த லேட்டாகுது, அப்பா கண்டுபிடிச்சிருவாரு. மொத அனுப்பினதையே போட்டுக் காட்டுறேன், பேசாம இருங்க."

பாட்டைத் திரும்பப் போட்டோம். அவள் சொன்ன இடத்தில் அவன் கிட்டார் பஸ்ஸைத் தவறவிட்டவன் போல் பின்னாலேயே ஓடிவந்தது. இத்தனை காலம் என் கிட்டார் அதைப் போர்த்தி வைத்திருந்ததை நாங்கள் அறியவில்லை. ஆனால் மச்சினனுக்கு அதில் துளி வருத்தமில்லை. "பேசாம இருங்க" என்ற இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு பெண் வீட்டுக்குப் போனோம். அப்பா வாசலிலேயே மச்சினனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டேன் தம்பி. ரெண்டுல உங்களோடது எதுன்னு மக காட்டுனா. அந்த ரெண்டாவது சரணத்துல கை மாத்துறீங்களே, என்ன சுத்தம்! கூட வாசிக்கிறவருதான் கொஞ்சம் பின்னால வர்றாரு."

மச்சினன் அடக்கமாகத் தலைகுனிந்தான். அந்தச் சுத்தமான கை என்னுடையது என்று எனக்கு வாய்வரை வந்தது. மனைவி என் காலை மிதித்தாள்.

உள்ளேயிருந்து பெண் தேநீர்த் தட்டோடு வந்தாள். அப்பாவைத் தாண்டினாள், மாப்பிள்ளையைத் தாண்டினாள், நேராக வந்து முதல் கோப்பையை என்னிடம் நீட்டினாள்.