வெள்ளைத் துணியில் வந்த காவடி

கதிர்காமத்தானை நம்பி நடக்கிற என் சொந்தங்களே, நான் பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பள்ளிக்கூடம் போனதில்லை. கடைச் சரக்கு சுற்றி வந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். எனக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

பதுளைக்கு ரயில் வருவதற்கு முந்தின வருடம், என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு என் கையை முறித்தார். கொழுந்து பறிக்கிறவளுக்குக் கைதானே எல்லாம். விடிந்து தெளிந்ததும் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். காலைப் பெரட்டுக்கு ஆள்கணக்குக் கொடுக்கப் போகிறவர்போலப் புறப்பட்டார். திரும்பவே இல்லை.

மாமியாரும் நானும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் ஒரே அறையில் அழுதுகொண்டு கிடந்தோம். அவரை வீட்டுக்கு அனுப்பு என்று கேட்கக்கூட எனக்குப் பயம். பழையபடி குடித்துவிட்டு வந்தால்? அதனால், “முருகா, அந்த முகத்தை ஒரு தடவை காட்டு” என்று மட்டும் தினமும் கேட்டேன்.

ரயில் வந்த அடுத்த வருடம் பதுளையில் பயஸ்கோப் கூடாரம் போட்டார்கள். கதிர்காமத் திருவிழாவை ஒரு வெள்ளைக்காரர் உள்ளபடியே படம் பிடித்து வந்திருக்கிறார் என்றார்கள். கும்பிட்டதாகவும் ஆகும் என்று லயமே நடந்து போனது. கட்டியிருந்த வெள்ளைத் துணியில் மாணிக்க கங்கை ஓடியது. எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். காவடிக் கூட்டம் வந்தது. அதில் இளைத்துப்போய், தாடியோடு, அழுதுகொண்டே ஆடிவந்தார் என் வீட்டுக்காரர்.

நான் சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

“உயிரோட இருக்கிறவன் நெழலு அவன் காலுக்கடியிலதானடி கெடக்கும்? தனியா பதுளைக்கு வந்து ஆடுதுன்னா என் புள்ள எங்கடி?”

அன்றே ஒப்பாரி தொடங்கியது. பதினாறாம் நாள் என் தாலியைக் கழற்றுவது என்று பெண்கள் பேசி முடித்தார்கள். நான் மூலையில் உட்கார்ந்து முருகனோடு சண்டை போட்டேன். ‘முகத்தைக் கேட்டேன் என்று முகத்தை மட்டுமா காட்டுவாய்? ஆள் வேண்டும் சாமி. எப்படியிருந்தாலும் ஆள் வேண்டும்.’ அதுவரை வாயில் வராத வேண்டுதல் அன்றுதான் வந்தது.

மூன்றாம் நாள் மாமியாரைக் கையோடு இழுத்துக்கொண்டு கூடாரத்துக்குப் போனேன். அங்கே படம் ஓட்டுகிறவர் நம் ஆள், வெள்ளைக்காரரோடு கதிர்காமம் போய் வந்தவர். விஷயத்தைக் கேட்ட அந்தப் படக்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு என் வணக்கம். உள்ளே கூட்டிப்போய்ப் படத்தின் கடைசித் துண்டை ஓட்டினார். துணியில், ஆற்றங்கரையில் படச் சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரே நடந்து வந்தார். இங்கே படம் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓடிப்போய்த் துணிக்குப் பக்கத்தில் நின்றார்.

“பாருங்கம்மா. அங்கயும் நான்தான், இங்கயும் நான்தான். செத்தா போயிட்டேன்?”

மாமியார் கிட்டே போய் அவர் கையைக் கிள்ளினார்.

“ஐயோ, வலிக்குதும்மா!”

“வலிக்குதாம்டி!” என்று மாமியார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு படக்காரர் காவடிக் கூட்டத்தைத் திரும்ப ஓட்டினார். என் வீட்டுக்காரரைக் காட்டினேன். “இவங்க மொனராகலை ரப்பர் தோட்டத்து ஆளுங்க. எங்க பெட்டியை ஆத்தைத் தாண்டித் தூக்கிவிட்டவங்களாச்சே” என்றார்.

நடந்தோம். கால் கொப்பளித்தது. மொனராகலையில் மூன்றாவது தோட்டத்தில், மரத்தடியில் பால் வடித்துக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் கத்தி கீழே விழுந்தது.

“ஒனக்கு ஒப்பாரி வச்சு எனக்குத் தொண்ட கட்டினதுதான்டா மிச்சம்!” என்றார் மாமியார்.

என் வீட்டுக்காரர் என் கையைத்தான் பார்த்தார். “கூடிருச்சா?”

“கூடிருச்சுங்க.”

“குடிய விட்டு மூணு காவடி எடுத்துட்டு வர்றேன்னு சாமிகிட்ட சொன்னேன். ஒண்ணுதான் எடுத்திருக்கேன்.”

“மிச்சத்துக்கு நானும் வர்றேன்” என்றேன்.

இரண்டையும் சேர்ந்தே எடுத்தோம். சாராயக் கடைப் பக்கம் அவர் பிறகு போகவில்லை. அந்தக் கூடாரமும் பதுளைக்குத் திரும்ப வரவில்லை. தன் படத்தை அவர் பார்த்ததே இல்லை. மழைநாளில் அடுப்போரம் உட்கார்ந்து, “எப்படி ஆடினேன், சொல்லு” என்று கேட்பார். நான் ஆடிக் காட்டுவேன். மாமியார் இருந்தவரை தாளம் போட்டார்.

சொந்தங்களே, பயந்து பயந்து பாதியைக் கேட்காதீர்கள். மனதில் இருப்பதை முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு நடக்கவும் எழுந்திருங்கள். எங்களுக்கு மொனராகலையில் நின்ற அந்தக் கதிர்காமத்தான், உங்கள் வழியிலும் எங்கோ நிற்கிறான்.