பாதியில் அணைத்த சுருட்டு

நுணலும் தன் வாயால் கெடும் என்று எனக்காகத்தான் சொல்லி வைத்தார்கள். எழுபதுகளின் நடுவில் சிட்னியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் மதியச் சாப்பாட்டு மேசையில் கியூபாக்காரன் ஒருவன் தன் நாட்டுச் சுருட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தான். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுருட்டுக்கு முன்னால் அதெல்லாம் எம்மாத்திரம் என்று நான்தான் தொடங்கினேன். புகையிலைத் தோட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவன் நான், இலையை மணந்தாலே அது விளைந்த மண்ணைச் சொல்லிவிடுவேன் என்றும் அளந்தேன். எங்களுக்குத் தோட்டம் இருந்தது உண்மை. மண்ணைச் சொல்வது முழுப் பொய்.

அவன் நம்பிவிட்டான். அன்றிலிருந்து கூட்டாளியாகவும் ஆகிவிட்டான். ஊரில் சின்ன வயதிலிருந்தே சுருட்டுச் சுற்றியவன். மனைவியோடு ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து சிட்னிக்கு வந்து, லேத் மெஷினில் இரும்பு கடைந்துகொண்டிருந்தான். அந்த வேலையை அவன் வெறுத்த மாதிரி ஒரு மனிதன் ஒரு வேலையை வெறுத்து நான் பார்த்ததில்லை. மெஷினை நிறுத்தும்போது ஒவ்வொரு நாளும் அதைத் திட்டிவிட்டுத்தான் நிறுத்துவான்.

குயின்ஸ்லாந்தில் புகையிலை பயிரிட்ட ஓர் இத்தாலியனைப் பிடித்து, தன்னிடமிருந்த விதையைக் கொடுத்து, தோட்டத்தின் ஒரு மூலையில் அவன் பயிரிட வைத்திருந்தான். அந்த இலை பதமாகி மெரிலேண்ட்ஸில் இருந்த அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. நகரத்தில் ஒரு சாப்பாட்டுக்கடை முதலாளி, சுருட்டு நன்றாக இருந்தால் எவ்வளவு வந்தாலும் எடுப்பேன் என்று சொல்லியிருந்தான். லைசென்ஸ் கிடையாது, பிடித்தால் பிடித்ததுதான். அதெல்லாம் அவன் காதில் ஏறவில்லை. சனிக்கிழமை நான் வந்து குடித்துப் பார்க்க வேண்டுமாம். நல்லது என்று நான் சொன்னால் திங்கட்கிழமை வேலையை விடுவானாம். மற்றவன் சொல்லு வேண்டாம், உன் சொல்லுத்தான் வேண்டும் என்றான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் மனைவி தனியாக பஸ் ஏறி நார்த்மீட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன் அவள் அப்படி வந்ததில்லை. என் மனைவி கொடுத்த தேநீரைத் தொடவில்லை. உடைந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தாள். அவளுடைய தாய் கியூபாவில் தனியாக இருக்கிறாள். எத்தனையோ காலம் அலைந்து இப்போதுதான் அங்கே வெளியேற அனுமதி கிடைத்திருக்கிறது. இங்கே குடிவரவு அலுவலகத்தில் இன்னும் கேள்வி கேட்டு முடியவில்லை. நிரந்தர வேலையில் இருக்கிற மருமகன் பொறுப்பேற்றால்தான் தாய் வரலாம். இந்த நேரத்தில் அவன் வேலையை விட்டால் எல்லாம் போயிற்று. அவனிடம் சொன்னால், சுருட்டு விற்றுத் தாயைக் கப்பலோடு வாங்குவேன் என்கிறானாம்.

சுருட்டு எப்படி இருக்கும் என்று நினைக்கிறாய் என்று அவளைக் கேட்டேன்.

"நல்லதாகத்தான் இருக்கும். அதுதான் எனக்குப் பயம். நல்லாயில்லை என்று சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பான்."

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் போன பிறகு என் மனைவி பிடித்துக்கொண்டாள். "உங்கட வாய் சும்மா கிடந்தாத்தானே. அந்தப் பிள்ளையின்ர தாய் வந்து சேரவேணும். நல்லாயில்லையெண்டு ஒரு சொல்லு. உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?" என்றாள். குறைந்து போவது எனக்கல்ல, அவனுக்கு என்று சொன்னேன். அவனுக்குச் சோறு போடுவது அந்தச் சுருட்டில்லை என்றாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, எல்லார் மேலும்.

மறுநாள் மத்தியானம் போனேன். வீட்டின் பின்வளவில், துணி காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில் இரண்டு கதிரை போட்டிருந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிறவன் மாதிரி இருந்தான். ஒரே ஒரு சுருட்டை என் கையில் தந்தான். நீ குடிக்கவில்லையா என்றேன். இன்றைக்கு உன் முகத்தைப் பார்ப்பதுதான் என் வேலை என்றான். குசினி ஜன்னலுக்குப் பின்னால் அவன் மனைவி பீங்கான் கழுவுகிற மாதிரி நின்றாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கவில்லை.

மூடியிருந்த நுனியைத் தன் கத்தியால் அவனே வெட்டி, நெருப்பும் பிடித்தான். முதல் புகையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. சனியன், அது நல்ல சுருட்டு. எங்கள் ஊர்ச் சுருட்டு தொண்டையில் கை வைத்துக் கேள்வி கேட்கும். இது அப்படியில்லை. மெல்லிய கசப்பு வந்து, அது போன இடத்தில் ஓர் இனிப்பு வந்து நின்றது. ஈர மரப்பட்டையின் மணம் மூக்குக்குள் ஏறியது. சாம்பல் உதிராமல் வெள்ளையாக நீண்டது. எனக்குப் பெருத்த சந்தோஷம், அதைக் காட்டக் கூடாதே என்று பெருத்த வேதனை. முகத்தை இறுக்கிக்கொண்டு வேலியைப் பார்த்தேன்.

அவன் முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தான். கால் பெருவிரல் மட்டும் செருப்புக்குள் ஆடிக்கொண்டிருந்தது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அது நான்தான். நல்லாயில்லை என்று சொல்ல வாயெடுத்தால் அதைச் சுற்றிய அவன் கை கண்ணில் பட்டது. நல்லது என்று சொல்லப் போனால் ஜன்னலில் அவள் நின்றாள். இப்படியே இழுத்து இழுத்துச் சுருட்டு பாதிக்கு வந்தது. பாதிக்கு வந்தபோது நான் ஒரு முடிவுக்கும் வந்தேன். பொய் சொல்வதில்லை. சுருட்டு நல்லது, ஆனால் மாமியார் வரும்வரை பொறு என்று சொல்லுவோம், கேட்டால் கேட்கட்டும்.

அந்த நிம்மதியில்தான் என் கை தன் பாட்டுக்கு வேலை பார்த்தது. சுருட்டின் நெருப்பைக் கதிரைக் காலில் மெல்ல உரசி அணைத்தேன். சாம்பலை ஊதினேன். முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து மிச்சத்தைச் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தேன். எங்கள் ஊரில் நல்ல சுருட்டை ஒரே இருப்பில் குடித்து முடிக்கிறவன் ஊதாரி. பாதியில் அணைத்து, குறையைக் காதில் செருகியோ கூரையில் செருகியோ வைத்து, விடியக் காலையில் பற்றவைப்பான். அந்தக் குறைச் சுருட்டுக்காகவே எழும்புகிற ஆட்கள் இருந்தார்கள். நான் செய்தது அவ்வளவுதான், யோசித்துச் செய்யவில்லை.

நிமிர்ந்தபோது அவன் முகத்தில் இரத்தம் இல்லை.

"சரி. விளங்கியது. எங்கள் ஊரில் பாதியில் அணைத்தால், சுற்றியவனிடம் சொல்ல வேறொன்றும் இல்லை என்று அர்த்தம்."

நான் பதறிப்போனேன். இல்லை, மிச்சம் வைத்தது நாளைக்குக் குடிக்க, எங்கள் வழக்கம் இது, மோசமான சுருட்டை யாராவது லேஞ்சியில் சுற்றுவானா, உன் சுருட்டு நான் குடித்ததிலேயே நல்ல சுருட்டு என்றெல்லாம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். சொல்லச் சொல்ல அவன் முகம் கனிந்தது. என் தோளில் கை வைத்தான்.

"நீ நல்ல மனிசன். அணைத்த சுருட்டு திரும்ப உயிர் பெறாது என்று எனக்குத் தெரியாதா? என் மனம் நோகக் கூடாதென்று பொய் சொல்லுகிறாய்."

பிறகு உள்ளே போய் இலைக் கட்டுகளை அள்ளி வந்தான். வளவு மூலையில் குப்பை எரிக்கிற செங்கல் அடுப்பு இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். ஒவ்வொரு கட்டாக அதற்குள் வைத்தான். நான் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், இரும்பு கடைகிறவனின் கை அசையவில்லை. மணம் வளவு முழுக்க எழும்பித் தெருவுக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரன் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, என்ன எரிக்கிறீர்கள், இவ்வளவு வாசமாக இருக்கிறதே என்று கேட்டான். குப்பை என்று இவன் சொன்னான்.

காப்பி கொண்டுவந்த அவன் மனைவியிடம், நான் நல்லாயில்லை என்று சொல்லவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். தெரியும் என்றாள். ஜன்னலால் எல்லாம் கேட்டதாம். ஆனால் நான் சொன்னது உண்மை என்று அவனிடம் அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை எங்கள் பின்வாசல் படியில் உட்கார்ந்து குறையைப் பற்றவைத்தேன். முதல் பாதியைவிட நன்றாக இருந்தது. இதைக் கொண்டுபோய் அவன் வாயில் வைத்து இழுக்கச் சொல்ல வேண்டும் என்று கோபம் கோபமாக வந்தது. கோபத்தோடு இழுத்ததில் விரல் சுட்டது. அதற்குப் பிறகு காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இருக்கவில்லை.

அவன் லேத் மெஷினிலேயே இருந்தான். ஆனால் அதைத் திட்டுவதை விட்டுவிட்டான். எனக்கு அந்த மௌனம் பிடிக்கவேயில்லை. அடுத்த குளிர்காலத்தில் மாமியார் வந்தாள். விமான நிலையத்துக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தான். மெல்லிய சட்டையோடு நடுங்கிக்கொண்டு வந்த சின்ன மனுஷி, மகளைக் கட்டிப்பிடித்து விட மாட்டேன் என்று நின்றாள். பிறகு அவன் என்னைக் காட்டி ஸ்பானிஷில் ஏதோ சொன்னான். எனக்காக ஆங்கிலத்திலும் சொன்னான்.

"இவன்தான் என் சுருட்டு நல்லாயில்லை என்று மனம் நோகாமல் சொன்ன கூட்டாளி. இவன் சொல்லியிராவிட்டால் இன்றைக்கு நீங்கள் இங்கே இல்லை."

கிழவி என் இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டாள். அம்மா, அது மிக நல்ல சுருட்டு என்றேன். அவன் அதை மொழிபெயர்த்தான். கிழவி சிரித்தாள், அவனும் சிரித்தான், பார் இப்போதும் விடுகிறானில்லை என்று என் முதுகில் தட்டினான். அவன் மனைவி சிரிக்கவில்லை. குனிந்து தாயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் விறுவிறென்று வாசலை நோக்கி நடந்தாள்.