பச்சையாய் மினுங்கிய கிணற்றுக் கல்

போன வெள்ளிக்கிழமை, வானூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றில் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். லேசாகக் கசந்தது. அந்தக் கசப்பைப் பற்றித்தான் இந்த வாரம்.

உலக யுத்தம் முடிந்த மறு கோடையில் வெட்ட ஆரம்பித்த கிணறு அது. ஊர்க் கிணற்றைச் சேரிக்காரர்கள் தொடக் கூடாது. யாராவது மொண்டு ஊற்றும்வரை குடத்தோடு நிற்க வேண்டும். அதனால் புறம்போக்கில் தாங்களே தோண்டினார்கள் – பகலெல்லாம் கூலி வேலை, சாயங்காலம் கிணற்று வேலை. களிமண்ணுக்குள்ளிருந்து கண்ணாடிபோல் தகடு தகடாகக் கல் வந்தது. நகத்தால் கீறினால் கோடு விழும். ஜிப்சம்.

அங்கே கொட்டகை போட்டிருந்த டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர் தாஸ் வேடிக்கைக்கு ஒரு துண்டை எடுத்துப் போனார். புரொஜக்டரின் கார்பன் விளக்கருகே வைத்தார். விளக்கை அணைத்தார்... கல் அணையவில்லை! இரண்டு மூச்சு நேரம் பச்சையாக மினுங்கியது.

போதாதா? மறுநாளே அது அம்மன் கல். தோண்டுவதை நிறுத்த வேண்டும், அங்கே கோயில் எழுப்ப வேண்டும் என்றார் ஊர்ப் பண்ணையார். ஊர்க்கோயில் வந்துவிட்டால் சேரிக்காரர்கள் அந்தப் பக்கம் நடக்கவும் முடியுமா?

படித்தவன் சொன்னால் கேட்பார்கள் என்று திண்டிவனத்திலிருந்து என்னை வரவழைத்தார் தாஸ். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் பகல். புரொஜக்டர் இருந்த தகர அறையை இருட்டாக்கிக்கொண்டு, கல்லை மினுங்கவைத்துப் பண்ணையாருக்கு விளக்கினேன் – கார்பன் விளக்கில் கண்ணுக்குத் தெரியாத அல்ட்ரா வயலட் ஒளி உண்டு. கல் அதை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது. சிலவகை ஜிப்சத்தின் குணம் அது...

“வெளிச்சத்துக்கு இங்கிலீஷ்ல பேரு வெச்சிட்டா அம்மன் எழுந்து பூடுவாளா?” என்றார் பண்ணையார்.



வாசலில் நின்ற அஞ்சலை அம்மாள் – கிணறு வெட்டுகிறவர்களில் ஒருவர் – மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து நீட்டினார்.

“தாஸண்ணே, இத்தையும் வெச்சிக் காட்டுங்க.”

வைத்தார். அணைத்தார். முதல் கல்லைவிட நன்றாகவே மினுங்கியது.

“பாத்தியா! அம்மன்!” என்றார் பண்ணையார்.

“இது எங்க கெணத்துக் கல்லு இல்லீங்க ஆண்டே. உங்க தோட்டத்துக் கெணத்து மேட்டுல பொறுக்கினது. அத்த வெட்டினதும் நாங்கதான். ரெண்டும் ஒரே அம்மன்தானே... அத்தயும் மூடிடலாமா?”

இருட்டில் தாஸுக்கு மட்டும் இருமல் வந்தது.

பண்ணையார் துண்டை உதறித் தோளில் போட்டார். “தோட்டத்து மல்லாட்டைக்குத் தண்ணி பாய்ச்சணும்,” என்று கிளம்பினார். அன்று சாயங்காலமே மறுபடி கடப்பாரைச் சத்தம் கேட்டது.

என் விஞ்ஞானம் எதையும் சாதிக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அடுத்தவர் கிணற்றில் சாமியாகத் தெரிவது, நம் கிணற்றில் வெறும் கல்லாகிவிடுகிறது – அவ்வளவுதான்.

ஜிப்சம் கரைந்த நீரில் பருப்பு லேசில் வேகாது. போன வெள்ளியன்று அதைப் பற்றித்தான் கேட்டேன்.

“வேவாதுதாங்க. கசக்கவும் கசக்குது,” என்றார் அஞ்சலை அம்மாள். “ஆனா, நின்னு கெஞ்சி வாங்கின தண்ணி இல்லீங்களே!”

இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.